தத்துவ போதகரின் மலையூர்

வைகைக்கரை வந்தவர்கள் – 14

சமயநல்லூரில் எங்கள் தெருவின் தென்முனையில் நின்றால், வைகைக்கு அப்பால் நாகமலை நீளமாகப் படுத்திருப்பது தெரியும். பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை. எங்கள் பக்கத்து மலைகளில் சமணர் படுக்கை இருக்கும், சுனை இருக்கும், அடிவாரத்தில் ஒரு கருப்பசாமி இருப்பார், ஆடு மேயும். ஊர் இருக்காது. ஊர் என்பது கீழே, ஆற்றை ஒட்டியும் கண்மாயை ஒட்டியும் இருப்பது. இந்த நினைப்போடு வளர்ந்த நான், சென்ற அக்டோபரில் இத்தாலியின் தொஸ்கானா மாநிலத்தில் ஒரு முழு நகரமும் மலை முதுகின்மேல் ஏறி உட்கார்ந்திருப்பதைக் கண்டு வாயடைத்து நின்றேன். நகரின் பெயர் மொந்தேபுல்ச்சியானோ. கடல் மட்டத்திலிருந்து 605 மீட்டர் உயரம்.

அந்த ஊருக்கும் மதுரைக்கும் 400 ஆண்டுக்கால உறவு இருக்கிறது. அதைத் தேடித்தான் போனேன்.

சென்ற வாரம் கொன்சாலோ பெர்னாண்டஸ் பற்றிச் சொல்லி நிறுத்தியிருந்தேன். படைவீரராக இருந்து, சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற அமைப்பில் சேர்ந்த போர்த்துக்கீசியர். 1595 வாக்கில் மதுரைக்கு வந்து, சிறு பள்ளியும் மருந்தகமும் நடத்தி, கடற்கரையிலிருந்து வந்து தங்கிய கிறிஸ்தவப் பரதவர்களுக்கு வழிபாடு நடத்திவந்தவர். பதினோரு ஆண்டு உழைத்தும் மதுரைக்காரர் ஒருவர்கூட அவர் மதத்தில் சேரவில்லை. அவரிடம் 1606 நவம்பர் 15 அன்று 29 வயது இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். இராபர்ட் டி நொபிலி. பின்னாளில் மதுரை மக்கள் ‘தத்துவ போதகர்’ என்று அழைத்தது இவரைத்தான். இவருடைய குடும்பத்தின் ஊர் மொந்தேபுல்ச்சியானோ.

ரோமிலிருந்து ரயிலேறி கியூசி நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பேருந்து. கீழே கியானா பள்ளத்தாக்கு நம் சோழவந்தான் பக்கத்து வயல்வெளி மாதிரி தட்டையாக விரிந்து கிடக்கிறது. பேருந்து வளைந்து வளைந்து ஏறுகிறது. இருபுறமும் திராட்சைத் தோட்டமும் ஒலிவ மரமும். கோட்டை வாசலில் இறக்கிவிடுகிறார்கள். அதற்குமேல் நடைதான்.

திரும்பி வந்து டீக்கடையில் படங்களைக் காட்டியபோது, ஓய்வுபெற்ற எங்கள் வாத்தியாரய்யா கேட்டது சரியான கேள்வி. “ஏப்பா, தண்ணிய கீழ விட்டுட்டு மலை மேல போயி எதுக்கு ஊரக் கட்டுனாய்ங்க?” நான் சொன்னேன்: “கீழே இருந்தது நல்ல தண்ணி இல்லைங்கய்யா, சதுப்பு. கொசுவும் மலேரியாவும். அது போக, வடக்கே பிளாரன்ஸ், மேற்கே சியனா. ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட ஊரு.” பிளாரன்சும் சியனாவும் இந்த ஊருக்காக மாறி மாறிச் சண்டையிட்டன. 1511-ல் பிளாரன்ஸ் அதை நிலையாகப் பிடித்தது. கோட்டை வாசலைத் தாண்டியதும் ஒரு தூணின் உச்சியில் கல் சிங்கம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது பிளாரன்சின் சின்னம். ‘இது எங்கள் ஊர்’ என்று அவர்கள் நட்டுவைத்த அடையாளம். அந்தச் சதுப்பு நிலத்தை வடித்து வயலாக்கப் பின்னர் நூற்றாண்டுகள் ஆயின.

நம் மதுரை, கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதி வீதியாக வட்டம் விரிந்த ஊர். மொந்தேபுல்ச்சியானோவில் வட்டமே கிடையாது. ஒரே பெருந்தெரு, கோர்சோ என்கிறார்கள், அடியிலிருந்து உச்சிவரை மலையைக் கட்டிக்கொண்டு ஏறுகிறது. தெருவின் இருபுறமும் பிரபுக்களின் கல்மாளிகைகள். ஒரு மாளிகையின் சுவரடியில், ரோமானியருக்கும் முந்தைய எத்ருஸ்கர் காலத்துச் சாம்பல் பேழைகளின் செதுக்குக் கற்களை வரிசையாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். கையை வைத்துப் பார்த்தேன். ஆள் படுத்திருப்பது போன்ற உருவங்கள், மழையில் தேய்ந்து மூக்கும் விரலும் மழுங்கிப் போயிருந்தன. பழையதைத் தூக்கி எறியாமல் புதிய சுவரில் சேர்த்துக் கட்டுகிற அந்தப் பழக்கத்தைக் குறித்துக்கொண்டேன். அது பின்னால் நமக்கு உதவும்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை இதே ஏற்றத்தில் ஊரின் எட்டுப் பிரிவினரும் 80 கிலோ எடையுள்ள மரப் பீப்பாயை உருட்டிக்கொண்டு பந்தயம் ஓடுகிறார்கள். அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் வாழ்கிற நமக்கு, ஓர் ஊர் முழுக்க ஒரு நாளுக்காக ஆண்டெல்லாம் காத்திருப்பது எப்படிப்பட்டது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் போனது திராட்சை பறித்து முடித்த நேரம். தெருவோர நிலவறைக் கதவுகளிலிருந்து புளித்த சாற்றின் வாடை வந்துகொண்டே இருந்தது.

மூச்சு வாங்க உச்சிக்குப் போனால் பெரிய சதுக்கம். ஒருபக்கம் நகர மன்றக் கட்டடமும் அதன் கோபுரமும். இன்னொரு பக்கம் தலைமைக் கோயில். 1592-ல் தொடங்கிய கட்டடம், முகப்புக்குப் பளிங்கு போர்த்தாமலே இன்றும் வெறும் செங்கல்லாக நிற்கிறது. மூலையில் 1520-ல் எடுத்த கிணறு. கிணற்றின் தலைப்பில் இரண்டு கல் சிங்கம், இரண்டு சிறகுள்ள யாளி. சிங்கம் பிளாரன்சுக்கு, யாளி மொந்தேபுல்ச்சியானோவுக்கு. கிணற்றுக்குப் பின்னால் தூண் வைத்த ஒரு வெண்கல் மாளிகை. அதன் பெயர்ப் பலகையைப் படித்தபோதுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ‘நொபிலி–தாருஜி மாளிகை.’

மதுரையில் மண்குடிசையில் இருந்து ஒருவேளைச் சோறு தின்றவரின் குடும்பப் பெயர், இத்தாலிய மலை நகரத்தின் உச்சிச் சதுக்கத்தில், கோயிலுக்கு எதிரே, கல்லில் நிற்கிறது. படித்துத் தெரிந்துகொண்டது வேறு, கண்ணால் கண்டது வேறு. அவர் எதை விட்டுவிட்டு வந்தார் என்பது அந்த வாசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

குடும்பத்தின் செல்வாக்கு சாதாரணமானதல்ல. போப்பாண்டவர் மூன்றாம் ஜூலியஸ் உறவினர். நம் நொபிலியின் அதே பெயர் கொண்ட இன்னொரு இராபர்ட் டி நொபிலி, 1553-ல் பன்னிரண்டே வயதில் கர்தினால் ஆக்கப்பட்டார். பதினேழு வயதில் இறந்தும் போனார். இன்னொரு உறவினர், 1542-ல் இதே ஊரில் பிறந்த கர்தினால் இராபர்ட் பெல்லார்மின். 1616-ல் கலிலியோவை வரவழைத்து, சூரியன் நடுவே நிற்கிறது என்ற கொள்கையைக் கைவிடச் சொல்லி எச்சரித்தாரே, அதே பெல்லார்மின். நம் கதையிலும் அவருக்கு ஒரு வேடம் இருக்கிறது.

இந்த ஊர் மொழி வல்லாரைப் பெற்ற ஊரும்கூட. 1454-ல் இங்கே பிறந்த ஆஞ்செலோ, ஊரின் லத்தீன் பெயரையே தன் பெயராக்கி ‘பொலித்சியானோ’ ஆனார். கிரேக்கமும் லத்தீனும் கரைத்துக் குடித்தவர். பிளாரன்சில் மெதிச்சி குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியர். பிற மொழியின் பழைய நூலை மூலத்திலேயே படிக்க வேண்டும் என்ற வெறியை ஐரோப்பாவில் வளர்த்தவர்களில் ஒருவர். நொபிலியும் அந்தக் கல்வி மரபில் வந்த பிள்ளை.

1577-ல் பிறந்தவர், 1596-ல் நேப்பிள்சில் சேசு சபையில் சேர்ந்தார். 1604-ல் லிஸ்பனில் கப்பலேறி 1605 மே 20 அன்று கோவா வந்தார். கொச்சி, பிறகு முத்துக்குளித்துறைக் கடற்கரையில் சில மாதம் தமிழ் கற்றுக்கொண்டு மதுரை. அப்போது இங்கே ஆட்சி முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கருடையது. விசுவநாத நாயக்கர் கட்டிய 72 கொத்தளக் கோட்டை சுற்றிலும் நின்றது. (அந்தக் கோட்டையை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில்தான் இன்றைய வெளிவீதிகளும் மாரட் வீதியும் இருக்கின்றன.)

வந்தவர் முதலில் செய்தது, கேட்டுக்கொண்டு இருந்ததுதான். பெர்னாண்டஸ் நடத்திய முறையில் அவருக்கு ஒன்று சுருக்கென்று பட்டது. ஞானஸ்நானத்துக்கு வருகிறவரிடம், பரங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா என்று கேட்கும் வழக்கம் இருந்தது. மதுரைக்காரருக்குப் பரங்கி என்றால் கடலோரத்தில் வந்திறங்கி, மாட்டிறைச்சி தின்று, குடித்து, குளிக்காமல் இருப்பவன். அந்தக் குலத்தில் யார் போய்ச் சேர்வார்? மதத்தில் சேர்வதற்குக் குலத்தை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டார் நொபிலி. அடுத்த ஆண்டே கறுப்பு அங்கியைக் களைந்தார். காவி உடுத்தினார். மரப் பாதக்குறடு, கமண்டலம், தண்டம், மாலையில் ஒருவேளைச் சோறு, கீரை, பால். தனி வீடு, பிராமணர் சமையல். பூணூலும் அணிந்தார். தான் பரங்கி அல்ல, ரோமாபுரியின் ராஜ குலத்தில் பிறந்து துறவு பூண்டவன் என்று சொல்லிக்கொண்டார்.

சிவதர்மர் என்ற தெலுங்கு பிராமணர் அவருக்கு வடமொழி கற்பித்தார். வேதங்களை நேரில் அறிந்த முதல் ஐரோப்பியர் நொபிலிதான் என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். தமிழ், தெலுங்கு, வடமொழி மூன்றிலும் வாதம் செய்யும் அளவுக்கு வளர்ந்தார்.

1610 நவம்பரில் அவர் எழுதிய கடிதம் ஒன்று மதுரைக்காரர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. அன்றைய மதுரையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இருந்ததாகவும், அவர்கள் 200, 300 பேராகப் பிரிந்து வெவ்வேறு ஆசிரியர்களிடம் பாடம் கேட்டதாகவும், உயர்ந்த படிப்புப் படிப்பவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆகும் செலவுக்கு விஜயநகர மன்னரும் மதுரை நாயக்கரும் மானியம் விட்டிருந்ததாகவும் அதில் எழுதியிருக்கிறார். நம் ஊரின் கல்விச் சிறப்பைச் சொல்ல இன்று நமக்கு வாய்த்திருக்கும் நேர்சாட்சி, மொந்தேபுல்ச்சியானோ குடும்பத்துப் பிள்ளை எழுதிய கடிதம். வந்த இடத்தை மட்டம் தட்டாமல், தன் ஊர்ப் பல்கலைக்கழகங்களைப் பார்த்த அதே மரியாதையோடு பார்த்த கண் அது. அந்தக் கண்ணுக்கு நான் கடன்பட்டவன்.

வினை உடனே வந்தது. பெர்னாண்டசே மேலிடத்துக்குப் புகார் எழுதினார்: இவர் கிறிஸ்தவத்தை இந்து மதமாக்குகிறார், தன் சபைச் சகோதரனான என்னையே தீண்டாமல் ஒதுக்குகிறார் என்று. இரண்டாவது குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. புகார் ரோம் வரை போனது. பெல்லார்மின் முதலில் நொபிலியைக் கண்டித்துத்தான் கடிதம் எழுதினார். சொந்த ஊர்ப் பெரியவர், உறவினர், எவ்வளவு வலித்திருக்கும்! நொபிலி விரிவான விளக்கம் எழுதி அனுப்பினார். குடுமி, சந்தனம், பூணூல், நீராடல் எல்லாம் இந்த நாட்டாரின் நாகரிக வழக்கங்கள், அவற்றை வைத்துக்கொண்டே ஒருவர் கிறிஸ்தவராக இருக்கலாம் என்பது அவர் வாதம். அதைப் படித்த பெல்லார்மின் மனம் மாறி ஆதரவாளரானார். கலிலியோ விஷயத்தில் இறங்கிவராதவர், மதுரை விஷயத்தில் இறங்கிவந்தார்.

1619-ல் கோவாவில் கூடிய திருச்சபை அவையில் கோவாப் பேராயர் நொபிலியை எதிர்த்தார்; கொடுங்கல்லூர்ப் பேராயர் பிரான்சிஸ் ரோஸ் துணைநின்றார். முடிவு ரோமுக்குப் போனது. 1623 ஜனவரி 31 அன்று போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி, சமயச் சடங்கின் பொருளை நீக்கிவிட்டு அந்த வழக்கங்களைக் கைக்கொள்ளலாம் என்று ஆணை பிறப்பித்தார். தீர்ப்பைப் பார்க்க பெல்லார்மின் உயிரோடு இல்லை, 1621-ல் இறந்துவிட்டார்.

எத்ருஸ்கர் கல்லைச் சுவரில் பதித்த பழக்கத்தைக் குறித்துக்கொண்டேன் என்றேனே, நொபிலி தமிழில் செய்ததும் அதுதான். 1578-ல், அவர் பிறந்து ஓராண்டில், அண்ட்ரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ்க் கிறிஸ்தவ நூல் கொல்லத்தில் அச்சேறிவிட்டது. ஆனாலும் கடற்கரைக் கிறிஸ்தவத் தமிழில் போர்த்துக்கீசியச் சொற்கள் மலிந்திருந்தன. நொபிலி அவற்றை எடுத்துவிட்டு, இங்கே ஏற்கெனவே இருந்த கல்லைப் பதித்தார். ‘மீசை’ என்று ஒலித்த சொல் பூசை ஆனது. குரு, வேதம், பிரசாதம் என்று நம் வீட்டுச் சொற்கள் உள்ளே வந்தன. ‘ஞானோபதேசம்’, ‘ஆத்தும நிருணயம்’, ‘தூஷண திக்காரம்’ என்று அவர் எழுதியவை எல்லாம் உரைநடை. செய்யுளில் சொன்னால்தான் நூல் என்றிருந்த காலத்தில், மெய்ப்பொருள் பற்றிய வாதத்தைப் பக்கம் பக்கமாக உரைநடையில் எழுதிக் காட்டியவர். வடசொல் மிகுந்த நடை, நீண்ட வாக்கியம், இன்று படிக்கப் பொறுமை வேண்டும். ஆனாலும் தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதுகிறவர் நொபிலியைத் தாண்டிப் போனால் அந்த வரலாறு முழுமையாகாது.

இவ்வளவு சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மதுரையின் மொழியையும் உடையையும் உணவையும் ஏற்றுக்கொண்டவர், மதுரையின் சாதியையும் அப்படியே ஏற்றுக்கொண்டார். அவருடைய கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்கள் மற்றவர்களோடு வர முடியவில்லை. 1640-ல் அவர்களுக்கென்று ‘பண்டாரசாமிகள்’ என்று தனிக் குருமார் வகையே ஏற்பட்டது. முதல்வர் பல்தசார் தா கோஸ்தா. தாழ்த்தப்பட்டோருக்கும் குரு கிடைத்தாரே என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது போதாது. குருமாரையே இரண்டாகப் பிரித்து வைத்த பிறகு, கோயிலைப் பிரிப்பதற்கு யார் வெட்கப்படுவார்? திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயிலுக்குள் இரு சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது.

அந்த உச்சிச் சதுக்கத்தில் நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. மொந்தேபுல்ச்சியானோவில் ஒருவர் வீடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே அவர் யார் என்று தெரிந்துவிடும். பிரபு மேலே, உழுகிறவன் கீழே. அந்த ஊர்ப் பிரபு குடும்பத்தில் வந்தவருக்கு மதுரையில் கண்ட மேல்கீழ் அதிர்ச்சி தந்திருக்காது; பழகிய ஒன்றாகவே பட்டிருக்கும். சொத்தைத் துறந்தார், பெயரைத் துறந்தார், தாய்மொழியைத் துறந்தார். உயரத்தை மட்டும் துறக்கவில்லை. ராஜ குலத்துச் சந்நியாசி என்ற அந்தச் சொல்லிலேயே அது இருக்கிறது.

ஒரு செய்தியை இங்கே திருத்தியாக வேண்டும். திருமலை நாயக்கர் மகாலை இத்தாலியச் சிற்பி ஒருவர் கட்டினார் என்று மதுரையில் வழிகாட்டிகள் சொல்வதுண்டு. நான் பார்த்த எந்த ஆவணமும் அப்படிச் சொல்லவில்லை. மகால் எழுந்தது 1636-ல். அதற்கு நான்கு ஆண்டு கழித்து, 1640-ல், மதுரையில் ஓர் இத்தாலியர் சிறையில் கிடந்தார் என்பது மட்டும் உறுதியான செய்தி. அவர் நம் நொபிலி. அறுபதைக் கடந்த வயது, மங்கிவரும் கண்பார்வை. மறு ஆண்டு விடுதலையானார்.

கண் மேலும் மங்கியதால் 1640-களின் நடுவில் சபை அவரை மதுரையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது, பிறகு மயிலாப்பூர். அங்கே குடிசையில் இருந்துகொண்டு, பார்வை போன நிலையிலும் சீடரைப் படிக்கச் சொல்லித் தன் தமிழ் நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். 1656 ஜனவரி 16 அன்று, 78-ஆம் வயதில் அங்கேயே இறந்தார். மலை நகரத்துக்குத் திரும்பவே இல்லை.

நான் மொந்தேபுல்ச்சியானோவை விட்டு இறங்கும்போது, மதிலுக்கு வெளியே சைப்ரஸ் மரச்சாலையின் முடிவில் சான் பியாஜோ கோயில் மாலை வெயிலில் தேன் நிறமாக நின்றது. 1518-ல் அந்தோனியோ சாங்கல்லோ தொடங்கிய கோயில். நான்கு பக்கமும் ஒரே அளவுள்ள சிலுவை வடிவம், நடுவில் குவிமாடம். மலை நகரத்தின் மிக அழகான கட்டடம், மலைமேல் இல்லாமல் கீழே புல்வெளியில் இருக்கிறது. நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நொபிலியின் தமிழ் நூல்கள் பலவும் நெடுங்காலம் கையெழுத்துப் படிகளாகவே அலைந்தன. சேசு சபை அறிஞர் ச. இராசமாணிக்கம் அவற்றில் பலவற்றைத் தேடித் திருத்தி 1960-களில் தூத்துக்குடியிலிருந்து அச்சில் கொண்டுவந்தார். சேசு சபையின் மதுரை மிஷன் பாதிரிமார் எழுதிய கடிதங்களை வைத்துத்தான் இரா. சத்தியநாத ஐயர் 1924-ல் மதுரை நாயக்கர் வரலாற்றின் பல பக்கங்களை நிரப்பினார். அந்த மிஷனின் பழைய தாள்கள் பல ஆண்டுகள் காக்கப்பட்ட இடம், நமக்கு மிக அருகில் கொடைக்கானல் மலையில் உள்ள ஷெண்பகனூர். சமயநல்லூரில் ரயிலேறினால் சற்று நேரத்தில் கொடைரோடு, அங்கிருந்து மலைப்பேருந்து.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். சமயநல்லூர், சோழவந்தான், வாடிப்பட்டி, திண்டுக்கல் பக்கத்துப் பழைய வீடுகளில், எந்த மதத்தார் வீடானாலும் சரி, பரணில் ஓலைச்சுவடியோ மக்கிய கையெழுத்துப் புத்தகமோ கிடந்தால் எரித்துவிடாதீர்கள், ஆற்றில் விடாதீர்கள். படிக்கத் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டுங்கள். நம் ஊரின் பத்தாயிரம் மாணவர்களும் இன்றைக்கு உயிரோடிருப்பது யாரோ எறியாமல் வைத்திருந்த ஒரு கடிதத்தில்தான்.

(தொடரும்)